வடிகட்டியைக் கழற்றினால் அறுத்துப் பாருங்கள்: தோட்டப் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பட்டணத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் திரும்பியதும் தார்ச்சாலை நின்று செம்மண் சாலை தொடங்கிவிடும். நான்கு நாள் மழை இல்லாவிட்டால் போதும், செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று கடந்துபோன பிறகு எதிரே வருவது யார் என்று தெரியாத அளவுக்குப் புழுதி எழும்பும். சாலையோரத்து மட்டைகள் பச்சை மாறிச் செங்கல் நிறத்தில் நிற்கும். அந்தப் புழுதிக்குள்தான் நம்முடைய டிராக்டரும் பேக்ஹோவும் குலை தூக்கும் கிராபரும் விடிந்தது முதல் உழைக்கின்றன. அவற்றின் கைகளை அசைக்கும் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு அந்தப் புழுதியே முதல் எதிரி.

தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழோடு பட்டறைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றாகவே இருக்கும். "அண்ணே, ஹைட்ராலிக் வடிகட்டியை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?" அதற்கு விடை இயந்திரத்தோடு வந்த கையேட்டில் இருக்கிறது. புது இயந்திரத்துக்கு முதல் மாற்றம் பல சமயம் 50 மணி நேரத்திலேயே வரும். பிறகு 250, 500, 1,000 என்று இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். கையேட்டைப் பார்த்து மாற்றுவது பெரிய காரியமில்லை. "போன தடவை கழற்றிய பழைய வடிகட்டி எங்கே, தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். எறிந்துவிட்டேன் என்பார்கள். ஐந்நூறு மணி நேரம் அந்த இயந்திரத்துக்குள் என்ன நடந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை எறிந்துவிட்டார்களே என்று எனக்கு மனம் பதறும்.

வடிகட்டி எண்ணெயைச் சுத்தம் செய்கிறது, அதோடு இயந்திரத்தின் நோயையும் பிடித்து வைக்கிறது. இந்த இரண்டாவது வேலையை நம் பட்டறைகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத துகள்

நம் பாட்டிமார் ரப்பர் மரம் வெட்டிய காலத்தில், பால் நிறுக்கும் கொட்டகைக்கு வாளியைக் கொண்டு வந்ததும் பாலைச் சல்லடையில் ஊற்றித்தான் தொட்டிக்குள் விடுவார்கள். மரப்பட்டை, இலைத் துணுக்கு, உறைந்த பால்கட்டி எல்லாம் சல்லடையில் தங்கிவிடும். தங்கியது என்ன என்று எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஹைட்ராலிக் எண்ணெயில் அந்த வசதி கிடையாது.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரோன். நல்ல பார்வை உள்ளவருக்கே 40 மைக்ரோனுக்குக் கீழே உள்ள தனித் துகள் தெரியாது. கட்டுப்பாட்டு வால்வுக்குள் முன்னும் பின்னும் ஓடும் ஸ்பூல் என்ற உருளைத் தண்டுக்கும் அதன் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளியோ சில மைக்ரோன்தான். கியர் பம்பில் பல்சக்கரத்தின் பக்கத்தை அணைத்து நிற்கும் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே அதைவிடவும் குறைவாக இருக்கும்.

பெரிய துகள் அந்தச் சந்துக்குள் நுழையாமல் வெளியே தள்ளப்பட்டுவிடும். மிகச் சிறியது எதையும் தொடாமல் கடந்து போய்விடும். சந்தின் அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் துகள் இருக்கிறதே, அதுதான் உள்ளே புகுந்து இரண்டு பக்கத்தையும் அரைக்கும். அரைபட்ட இரும்பு புதுத் துகளாகி எண்ணெயோடு போய் அடுத்த இடத்தை அரைக்கும். ஒன்று பத்தாகி, பத்து நூறாகும். ஆகவே, கண்ணாடிப் போத்தலில் எண்ணெயைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி "தெளிவாகத்தானே இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கெடுதல் செய்கிற துகள் அந்தச் சோதனையில் அகப்படாது.

முதல் வேலை: எண்ணெய் போகும் வழியைத் தேடுங்கள்

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி, கையேட்டை விரித்து, எண்ணெய் எங்கிருந்து கிளம்பி எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொரு குழாயாகப் பாருங்கள். வழி தெரிந்தால் வடிகட்டிகள் தாமாகவே கண்ணில் படும்.

தொட்டிக்குள்ளே, பம்பு உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். அதன் கண்கள் பெரியவை, பெரும்பாலும் 125 முதல் 150 மைக்ரோன் வரை. கந்தல் துணி, நட்டு, சீல் துண்டு போன்றவை பம்புக்குள் போகாமல் தடுப்பதே அதன் வேலை. அதைவிட நெருக்கமான வலையை அங்கே வைத்தால் பம்புக்கு எண்ணெய் போதாமல் போய்விடும். வலை அடைபட்டாலும் இதே கதிதான்: பம்பு மூச்சுத் திணறி, கூழாங்கல்லை வாளியில் போட்டுக் குலுக்குவதுபோலச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் இயந்திரத்தை நிறுத்துங்கள். வேலை முடியட்டும் என்று காத்திருந்தால் பம்பு முடிந்துவிடும்.

பம்புக்கும் வால்வுக்கும் நடுவே சில இயந்திரங்களில் அழுத்த வடிகட்டி இருக்கும். பருத்த இரும்புக் கூட்டுக்குள் அது உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், முழு அழுத்தத்தையும் அது தாங்கியாக வேண்டும் என்பதுதான். டிராக்டர் ஹைட்ராலிக்கில் அழுத்தம் 200 பாரை ஒட்டி இருக்கும், பெரிய எக்ஸ்கவேட்டரில் 350 பார் வரை ஏறும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்று மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

வேலையை முடித்துவிட்டு எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் வழியில் இருப்பது திரும்பு வடிகட்டி. நாம் அடிக்கடி மாற்றுவது இதைத்தான். சிலிண்டரின் தண்டு உள்ளே போகும்போது இழுத்துக்கொண்டு வந்த புழுதி, பம்பு தேய்ந்து உதிர்த்த இரும்பு எல்லாம் தொட்டியில் கலப்பதற்கு முன் இங்கே பிடிபடும். டிராக்டரில் இன்னொரு விஷயம் உண்டு. பல டிராக்டர்களில் கியர்ப் பெட்டி, எண்ணெயில் நனைந்த பிரேக், பின்பக்கத் தூக்கி மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பிரேக் தட்டு தேய்ந்த தூளும் இந்த வடிகட்டிக்கே வந்து சேரும்.

நான்காவதாக, யாரும் வடிகட்டி என்றே நினைக்காத ஒன்று: தொட்டியின் மேல் இருக்கும் மூச்சு மூடி. டிப்பர் டிரெய்லரைத் தூக்க சிலிண்டருக்குள் பத்து லிட்டர் எண்ணெய் போனால், தொட்டிக்குள் பத்து லிட்டர் காற்று நுழைந்தாக வேண்டும். அந்தக் காற்று நம் செம்மண் சாலையின் காற்று. ஒரு நாளில் இருபது முறை தூக்கி இறக்கினால் இருநூறு லிட்டர் புழுதிக் காற்று. மூடியில் நல்ல வடிகட்டி இல்லாவிட்டால் உள்ளே எத்தனை விலை உயர்ந்த வடிகட்டி வைத்தாலும் ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதைதான். மூடி தொலைந்துபோன தொட்டியின் வாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டி ரப்பர் வளையம் போட்டிருந்ததை நான் ஒரு தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

முணுமுணுக்காமல் கெடுக்கும் வால்வு

திரும்பு வடிகட்டி முழுக்க அடைத்துக்கொண்டால் எண்ணெய் எங்கே போகும்? அதற்காகவே வடிகட்டித் தலைப்பில், அதாவது வடிகட்டியைத் திருகி மாட்டும் மேல்பாகத்தில், சிறிய வில் வைத்த மாற்றுவழி வால்வு ஒன்று இருக்கிறது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டியதும் அது திறந்துகொள்ளும். 1.7 பார், 3.5 பார் ஆகியவை வழக்கமாகக் காணும் அளவுகள். திறந்த பிறகு எண்ணெய் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு அழுக்கோடு தொட்டிக்குப் போய்விடும்.

இதில் உள்ள ஆபத்தைப் புதியவர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வால்வு திறந்ததும் இயந்திரம் எந்தக் குறையும் காட்டாது. பேக்ஹோ முன்போலவே கால்வாய் தோண்டும். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. வடிகட்டி மாட்டியிருக்கிறது என்று நாமும் நிம்மதியாக இருப்போம். உள்ளே மட்டும் வடிகட்டாத எண்ணெய் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே வடிகட்டித் தலைப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும் அழுத்தமானி இருந்தால், அதை எண்ணெய் சூடான பிறகு பாருங்கள். காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது முள் சற்று நேரம் சிவப்புக்குப் போவது இயல்பு. சூடான பிறகும் மஞ்சளிலிருந்து இறங்காவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. முள் மாதக்கணக்கில் பச்சையை விட்டு அசையவே இல்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். வடிகட்டி கிழிந்திருக்கலாம், மாற்றுவழி வால்வு திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கலாம், அல்லது அழுத்தமானியே செத்திருக்கலாம். காலையில் கிளப்பியதும் ஐந்து நிமிடம் சுமை இல்லாமல் ஓட விட்டுப் பிறகு வேலைக்கு அனுப்பும் பழக்கம் இந்த வால்வு அனாவசியமாகத் திறப்பதைக் குறைக்கும்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்

பெட்டியில் "10 மைக்ரோன்" என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பத்து மைக்ரோன் துகளில் எத்தனை பங்கைப் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது பீட்டா எண். வடிகட்டிக்கு முன் இருந்த துகள்களின் எண்ணிக்கையைத் தாண்டி வந்தவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது. ஐ.எஸ்.ஓ. 16889 என்ற சோதனை முறையில் இதை அளக்கிறார்கள். பீட்டா 2 என்றால் இரண்டில் ஒன்று தப்பிவிடுகிறது. பீட்டா 200 என்றால் 99.5 விழுக்காடு பிடிபடுகிறது, 1,000 என்றால் 99.9 விழுக்காடு. மூன்று பெட்டியிலும் "10 மைக்ரோன்" என்றுதான் இருக்கும்.

பதினைந்து வெள்ளி மலிவாகக் கிடைக்கிறது என்று ஸ்டோர் கிராணி (கணக்கர்) வேறு வடிகட்டியை வாங்கி வைத்தால், சண்டைக்குப் போகாமல் அதன் பீட்டா எண்ணைக் கேளுங்கள். விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது காகித இழையா கண்ணாடி இழையா என்பதையும் கேட்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் காகித இழை தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பலம் இழக்கும். கண்ணாடி இழைக்கு அந்தத் தொல்லை இல்லை.

எண்ணெயைப் பரிசோதனைக்கு அனுப்பினால் 18/16/13 என்பதுபோல மூன்று எண்கள் வரும். அது ஐ.எஸ்.ஓ. 4406 குறியீடு. ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் எத்தனை என்பதை அந்த மூன்று எண்களும் முறையே சொல்கின்றன. 18 என்பது 1,300க்கு மேல் 2,500 வரை. 16 என்பது 320க்கு மேல் 640 வரை. எண் ஒன்று கூடினால் துகள் இரு மடங்காகும் என்பதை நினைவில் வைத்தால் போதும். 18 போய் 21 வந்தால் மூன்றுதானே கூடியது என்று எண்ண வேண்டாம், அழுக்கு எட்டு மடங்காகிவிட்டது.

புது எண்ணெய் சுத்தமானது என்று யார் சொன்னது?

சீல் பிரிக்காத பீப்பாயில் இருக்கும் எண்ணெய் இயந்திரத்தில் ஊற்றும் அளவுக்குச் சுத்தமாக இருக்கும் என்று எல்லாரும் நம்புகிறோம். நிரப்பும் இடத்திலும் குழாயிலும் பீப்பாய்க்குள்ளும் துகள் சேரத்தான் செய்கிறது. புது எண்ணெயைச் சோதித்தால் முதல் எண் 20 என்று வருவது அதிசயமில்லை. அப்படியென்றால் ஒரு மில்லிலிட்டரில் 5,000க்கு மேல் துகள்கள். 200 லிட்டர் பீப்பாயில் மொத்தம் நூறு கோடிக்கு மேல். அதை அப்படியே தொட்டியில் கவிழ்த்தால், வடிகட்டியின் ஆயுளில் ஒரு பங்கைப் புது எண்ணெயே தின்றுவிடும்.

பீப்பாயை வைக்கும் முறையும் முக்கியம். பட்டறைக்குப் பின்னால், கூரை இல்லாத இடத்தில் நிமிர்த்தி வைத்த பீப்பாயை மழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். விளிம்புக்குள் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கும், அதில் ஓர் உலர்ந்த இலை மிதக்கும், மூடி தண்ணீருக்கு அடியில் இருக்கும். பகலில் வெயிலில் பீப்பாய் சூடாகி உள்ளே உள்ள காற்று விரிந்து மூடியின் வழியே கசியும். இரவில் குளிர்ந்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியைச் சுற்றி நிற்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சும். மூடி இறுகத்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்வோம், எண்ணெய் பால் கலந்த கோப்பியைப்போல வெளுத்து வரும்.

பீப்பாயைக் கூரையின் கீழ் படுக்க வையுங்கள். இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் இருக்க வேண்டும். அப்போது மூடிகள் உள்பக்கம் எண்ணெயால் நனைந்திருக்கும், காற்றோ நீரோ நுழைய இடம் இருக்காது. நிமிர்த்தித்தான் வைக்க முடியும் என்றால் மேலே ஒரு மூடுதகடு போடுங்கள், அல்லது தண்ணீர் மூடிப் பக்கம் வராதபடி சற்றுச் சாய்த்து வையுங்கள்.

ஊற்றும்போது வடிகட்டி பொருத்திய கைப் பம்போ மின் பம்போ வைத்து ஏற்றுங்கள். சிறிய பம்பு, நல்ல வடிகட்டி, இரண்டு குழாய், தள்ளிக்கொண்டு போக இரண்டு சக்கரம்: இந்த வண்டி ஒன்று பட்டறையில் இருந்தால் புது எண்ணெயை ஏற்றவும் ஓய்வு நாளில் பழைய எண்ணெயைச் சுற்றவிட்டு வடிகட்டவும் உதவும். நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டிய பொருள்களில் இதை நான் முதலில் வைப்பேன்.

மாற்றும் முறை

தூக்கியிருக்கும் கை, வாளி, டிரெய்லர் எல்லாவற்றையும் தரையில் இறக்கி இஞ்சினை அணையுங்கள். கையேடு சொல்லும் முறையில் சாவியைத் திருப்பி நெம்புகோல்களை எல்லாத் திசையிலும் அசைத்துத் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். எண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும்.

இந்த இடத்தில் உயிரைப் பற்றிய ஒரு சொல். கசிவு எங்கே என்று தேடக் குழாயின் மேல் கையை ஓட்டாதீர்கள். ஊசி முனை அளவு துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையுறை அதைத் தடுக்காது. அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள். ஒருவேளை எண்ணெய் தோலுக்குள் போய்விட்டால், எறும்பு கடித்ததுபோல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. மருந்து தடவிவிட்டு வேலையைத் தொடராதீர்கள். நடந்ததைச் சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்த சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரலாம்.

அடுத்து, வடிகட்டித் தலைப்பைச் சுற்றிக் கழுவுங்கள். புதியவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். கழற்றியதும் உள்ளே விழக் காத்திருக்கும் செம்மண் கட்டி அங்கேதான் இருக்கும். தூரிகையால் தேய்த்து, கழுவி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். பட்டறையில் வழக்கமாகக் கிடைக்கும் பஞ்சுக் கழிவு வேண்டாம், அதன் இழை போதும் ஒரு வால்வைச் சிக்க வைக்க.

கீழே தட்டு வைத்து, கழற்றுங்கள். பழைய ரப்பர் வளையம் தலைப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேலேயே புதியதைப் பொருத்தினால் ஓட்டிய ஐந்தாவது நிமிடம் தரையெல்லாம் எண்ணெயாகும். புது வடிகட்டியைப் பெட்டியிலிருந்து கடைசி நிமிடத்தில் எடுங்கள். வளையத்தில் சுத்தமான எண்ணெயைத் தடவிக் கையால் திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று, அல்லது உடலில் அச்சிட்ட அளவு. வடிகட்டாத எண்ணெயை அதற்குள் முன்கூட்டியே ஊற்றி நிரப்பாதீர்கள், நடுத்துளை வழியே ஊற்றியது வடிகட்டப்படாமல் நேரே இயந்திரத்துக்குள் போய்விடும். கிளப்பி, மெதுவாக ஓடவிட்டு, கசிவு பார்த்து, நிறுத்தி, மட்டம் பார்த்துக் குறைந்ததை ஏற்றுங்கள்.

காகித, கண்ணாடி இழை வடிகட்டிகளைப் பெட்ரோலில் கழுவிக் காற்றடித்துத் திரும்பப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காற்றடித்ததும் இழை கிழியும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. கழுவிப் பயன்படுத்தலாம் என்றால் அது தொட்டிக்குள் இருக்கும் கம்பி வலைக்கு மட்டுமே பொருந்தும்.

அறுத்துப் பார்த்தல்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு பேக்ஹோவுக்கு எண்ணெய் குறைந்திருந்தது. கையில் கிடைத்த வாளியில் பிடித்து ஊற்றினேன். முந்தின நாள் அந்த வாளியில் மணல் அள்ளியிருந்தார்கள். துடைத்துவிட்டுத்தான் ஊற்றினேன் என்று இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவது வாரம் பம்பு முனகத் தொடங்கியது, நான்காவது வாரம் கை தூக்கவில்லை. பட்டறையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. வடிகட்டியைக் கழற்றி அறுத்து, மடிப்பை விரித்து என் உள்ளங்கையில் வைத்து, "வெயிலில் போய்ப் பார், தம்பி" என்றார். மடிப்பின் பள்ளத்தில் மஞ்சள் பொடி, தங்கத் தூளைத் தூவியதுபோல மின்னியது. கூடவே நறநறவென்று மணல். "மணல் நீ போட்டது, மஞ்சள் பம்பு போட்டது" என்றார் அவர். அன்றிலிருந்து நான் எந்த வடிகட்டியையும் பார்க்காமல் எறிந்ததில்லை.

செய்யும் முறை இது. கழற்றியதை ஓர் இரவு கவிழ்த்து வடிய விடுங்கள். இரும்புக் கூடு உள்ள வடிகட்டியைக் குழாய் வெட்டும் கருவிபோலச் சுற்றி வெட்டும் கத்தியால் திறக்க வேண்டும். ரம்பமோ கிரைண்டரோ போட்டால் அவற்றின் இரும்புத் தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். மடிப்புத் தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, வெள்ளைத் தட்டில் விரித்து, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். தட்டின் அடியில் காந்தத்தை நகர்த்துங்கள்.

காந்தத்தோடு நகரும் மினுக்கம் எஃகு: பல்சக்கரமோ பேரிங்கோ சிலிண்டரோ தேய்கிறது. நகராத மஞ்சள் மினுக்கம் வெண்கலம் அல்லது பித்தளை: பிஸ்டன் பம்பின் பாதங்கள், புஷ்கள். கறுப்பாக, நகத்தால் அழுத்தினால் நசுங்குவது சீல் ரப்பர். அழுத்தினால் நசுங்காமல் கண்ணாடியில் உரசும்போது கீறுவது மணல், அப்படியென்றால் சிலிண்டர் தண்டைத் துடைக்கும் சீலையும் மூச்சு மூடியையும் உடனே பாருங்கள். நீளமான வெள்ளை நூல் நம் துடைப்புத் துணி. தாள் பழுப்பாகி வார்னிஷ் பூசியதுபோல ஒட்டினால் எண்ணெய் அளவுக்கு மேல் சூடாகிறது, குளிரூட்டியின் பட்டைகளில் செம்பனை நார் அடைத்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். டிராக்டர் வடிகட்டியில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது பிரேக்கும் கிளச்சும் இயல்பாகத் தேய்வது, பயப்பட வேண்டாம்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? புது இயந்திரத்தின் முதல் வடிகட்டியில் மெல்லிய தூள் இருக்கத்தான் செய்யும். தூளாக இல்லாமல் செதிலாக, கண்ணால் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய அளவில் உலோகம் இருந்தால் புது வடிகட்டியைப் போட்டுவிட்டு இயந்திரத்தை வேலைக்கு அனுப்பாதீர்கள். மண்டோர் (மேற்பார்வையாளர்) வந்து குலை தேங்கிக் கிடக்கிறது என்று அவசரப்படுத்துவார். தட்டை அவர் கையில் கொடுங்கள். பேச்சில் நம்பாதவரும் அந்தச் செதிலைப் பார்த்தால் நம்புவார். பம்பு உடைந்தேவிட்டால், புதுப் பம்பு மாட்டுவதற்கு முன் தொட்டி, குழாய்கள், குளிரூட்டி, சிலிண்டர்கள் அத்தனையையும் கழுவியாக வேண்டும். பழைய பம்பு உடைத்த இரும்பெல்லாம் அவற்றில்தான் தங்கியிருக்கும்.

டிரெய்லர்க் குழாய்

தோட்டத்தில் அழுக்கு நுழையும் பெரிய வாசல் எது என்று கேட்டால், டிராக்டரின் பின்னால் டிரெய்லர்க் குழாயை மாட்டும் கப்ளர் என்றுதான் சொல்வேன். டிரெய்லரைக் கழற்றியதும் குழாய் முனை சேற்றில் கிடக்கும். மாலையில் வந்த டிரைவர் அதை எடுத்துக் காற்சட்டையில் ஒருமுறை தேய்த்துவிட்டு மாட்டுவார். முனையில் ஒட்டியிருந்த களிமண் எண்ணெய் திரும்பும்போது வால்வுக்குப் போகும். திரும்பு வடிகட்டி அதைப் பிடிப்பதற்குள் அது வால்வைக் கடந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே டிரெய்லரை மூன்று டிராக்டர்கள் மாறி மாறி இழுத்தால், டிரெய்லர்ச் சிலிண்டரில் உள்ள எண்ணெய் மூன்றிலும் கலக்கும். ஒரு டிராக்டரின் பம்பு உடைந்தால் அதன் தூள் டிரெய்லர் வழியாக மற்ற இரண்டுக்கும் தொற்றும். ஆகவே இரண்டு முனைக்கும் மூடி போடுங்கள், மூடியைச் சங்கிலியில் கட்டுங்கள், மாட்டும்போது இரண்டு மூடிகளையும் ஒன்றோடொன்று பொருத்துங்கள், அவையும் சுத்தமாக இருக்கும். டிராக்டரில் ஒரு சிறிய டப்பாவில் நல்ல துணி வைத்துக்கொடுங்கள். டிரைவர்களைத் திட்டுவதைவிட, அறுத்த வடிகட்டியைக் காலையில் அவர்களிடம் காட்டுவது பலன் தரும். நான் அனுபவத்தில் கண்டது.

குழாய் வெடித்துப் புதியது மாட்டும்போதும் கவனம் வேண்டும். குழாயை வட்ட ரம்பத்தில் வெட்டும்போது உள்ளே ரப்பர்த் தூளும் கம்பித் துணுக்கும் விழும். முனை பொருத்துவதற்கு முன் நுரைக் குண்டு ஒன்றைக் காற்றழுத்தத்தால் உள்ளே செலுத்திச் சுத்தம் செய்துதரச் சொல்லுங்கள். மாட்டும் வரை இரண்டு முனையும் மூடியே இருக்கட்டும்.

செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வரி. ஸ்க்ரூ பிரஸ்ஸின் கூம்பைத் தள்ளும் ஹைட்ராலிக் பெட்டி கூரைக்குள் இருந்தாலும், அங்கே நீராவியும் எண்ணெய்ப் பிசுக்கும் நாரும் அதிகம். மூச்சு மூடிக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வகை பொருத்துங்கள், மணிகள் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

பழையதை எங்கே போடுவது

பழைய எண்ணெயும் வடிகட்டியும் மலேசியச் சட்டப்படி அட்டவணைக் கழிவுகள். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் பழைய ஹைட்ராலிக் எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 306, எண்ணெய் படிந்த வடிகட்டிக்கும் துணிக்கும் எஸ்.டபிள்யூ. 410 என்று குறியீடு இருக்கிறது. கால்வாயில் ஊற்றுவதும், லயத்துக்குப் பின்னால் எரிப்பதும் குற்றம், அந்தத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகள் தொடுகிறார்கள். மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து, குறியீடும் தேதியும் எழுதிய அட்டை ஒட்டி, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். 180 நாளுக்கு மேலும் 20 டன்னுக்கு மேலும் வைத்திருக்கக் கூடாது.

கடைசியாக, புது வடிகட்டியின் உடலில் அழியாத மையால் தேதியையும் இயந்திரத்தின் மணிக் கணக்கையும் எழுதுங்கள். அதே எண்ணைப் பட்டறைக் குறிப்பேட்டிலும் எழுதி, அறுத்த வடிகட்டியில் கண்டதைப் பக்கத்தில் ஒரு வரியாகக் குறியுங்கள்: "மணல் கொஞ்சம், உலோகம் இல்லை" என்பதுபோல. வடிகட்டியில் எழுதும்போது எண்ணெய் வழியாத பக்கமாகப் பார்த்து எழுதுங்கள், ஆறு மாதம் கழித்துப் படிக்க வேண்டியிருக்கும்.